துவைத்துக் கொண்டுவந்தவள்

டண்டீ நகரில் பேருந்து நிலையத்துக்கு எதிரே
கடையின் அடித்தளத்தில் என் மேசை.
மேலே புதுத்துணி வாசனை.
கீழே என்னிடம் வருவதெல்லாம்
ஒருமுறையாவது உடம்பைக் கண்டவை.

வேலைக்குச் சேர்ந்த அன்று திருமதி கெடஸ் சொன்னார்:
"முதலில் முகர்ந்து பார்.
முகர்வது தெரியாமல் முகர்."
இன்னும் அது எனக்குக் கைவரவில்லை.
விலைச்சீட்டைத் தேடுகிறவன்போலக் குனிகிறேன்.
எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

செவ்வாய்க்கிழமை, மழை.
இஷ்பெல் ரென்னி வந்தாள்.
பதினேழாம் எண் பேருந்தின் ஓட்டுநர்.
"மன்னிக்கணும்" என்றாள்.
வணக்கம்கூட அதற்கப்புறம்தான்.

காகிதப் பையிலிருந்து கருநீலக் கால்சட்டை.
மடிப்பு கத்திபோல நின்றது.
லாவெண்டர் மணம்.
தூங்கும் குழந்தையைக் கைமாற்றுவதுபோல
இரண்டு கையாலும் நீட்டினாள்.
"மூன்றாம் தடவைதான் போட்டேன்.
இருக்கையில் ஏறக் காலைத் தூக்கினேன்..."
மீதியைச் சொல்லவில்லை.
தொடையிடைத் தையலைத் திருப்பிக் காட்டினாள்.
மூன்று விரல் நீளத்துக்கு நூலே ஓடவில்லை.
அன்றைக்கு மீதி ஷிஃப்ட் முழுக்க
ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறாள்,
ஏறியவர்களுக்கெல்லாம்
வழக்கம்போலக் காலை வணக்கம் சொல்லியபடி.

"துவைத்தீர்களா?"
கேட்டே ஆகவேண்டும். படிவத்தில் இருக்கிறது.
"துவைக்காமல் எப்படிக் கொண்டுவருவது?"
கழுத்துவரை சிவந்துவிட்டாள்.

துவைத்தால், துவைத்ததால்தான் பிரிந்தது என்று எழுத
ஒரு கட்டம் இருக்கிறது.
துவைக்காவிட்டால், அதற்கும் ஒரு கட்டம்: சுகாதாரக் குறைவு.
மானத்தைக் காப்பாற்றினால் சாட்சி போகும்,
சாட்சியைக் காப்பாற்றினால் மானம் போகும்.
இந்தப் படிவத்தை எழுதியவன்
தன் துணியைத் தானே துவைக்கிறவனாக இருக்க முடியாது.

"ரசீது?"
உள்ளங்கையை விரித்தாள்.
வெள்ளையாக ஓர் உருண்டை, பட்டாணி அளவு.
"பையிலேயே இருந்திருக்கிறது.
பிரிக்கப் பார்த்தேன். உதிர்ந்துவிட்டது."

அவளுக்கு முன்னால் ஒருவன் வந்திருந்தான்.
சுருங்கிப்போன சட்டையை மேசைமேல் எறிந்தான்.
பியர், சிகரெட், யாருடையதோ பவுடர்.
அக்குளில் உப்புக்கோடு.
ரசீது மட்டும் கசங்கவே இல்லை.
இரண்டே நிமிடத்தில் பணத்தோடு போனான்.
மன்னிப்புக் கேட்டது நான்தான்.

திருமதி கெடஸை அழைத்தேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
உருண்டையை நெடுநேரம் பார்த்தார்.
"பணம் முடியாது. அதே அளவில் வேறொன்று தரலாம்."
படியேறும்போது, என்னிடம் மட்டும்:
"கொடுக்குமுன் தையலைப் பார்."

மேல்தளத்தில் ஒவ்வொன்றாய்
உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பார்த்தேன்.
முதலாவதில் ஓட்டை. இரண்டாவதிலும்.
நான்காவதில் ஆள்காட்டி விரல் சுலபமாக நுழைந்தது.
ஆறாவது தேறியது.
மற்றவற்றை
அப்படியே ஹேங்கரில் திருப்பி மாட்டினேன்.
பார் என்றுதான் சொன்னார்கள்.

"இழுத்துப் பார்க்கலாமா?" என்றாள் இஷ்பெல்.
இருபது வருடம் ஸ்டியரிங் பிடித்த கை.
தையல் முனகியது, விடவில்லை.
அந்த ஒரு நொடி மட்டும்
அவள் முகத்தில் மன்னிப்பே இல்லை.
பிறகு, "தொந்தரவுக்கு மன்னிக்கணும்"
என்று சொல்லிவிட்டுப் போனாள்.
உருண்டை மேசையிலேயே கிடந்தது.
குப்பைத்தொட்டி காலடியில்தான்.
நான் எடுத்துப் போடவில்லை.

ஆறு மணிக்குக் கடை அடைத்தோம்.
என் வலது ஷூ ஜனவரியிலிருந்து தண்ணீர் குடிக்கிறது.
இதே கடையில் வாங்கியது, ஊழியர் தள்ளுபடியில்.
ரசீது வீட்டில் பத்திரமாக இருக்கிறது,
எந்த இழுப்பறை என்றுகூடத் தெரியும்.
ஆனால் கழற்றி நீட்டினால்
திருமதி கெடஸ் குனிவாரே,
விலைச்சீட்டைத் தேடுவதுபோல.

பதினேழாம் எண் வந்தது.
ஓட்டியது வேறு யாரோ.
ஒவ்வொரு படியிலும் என் காலுறை
சளக், சளக் என்றது.